வெறும் புல்வெளி இல்லை அது: ஒரு அகாடியக் குடியிருப்பை மண்ணிலிருந்து படிப்பது எப்படி?

கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், அனாபொலிஸ் ஆற்றின் வடகரையில் ஒரு புல்மேடு இருக்கிறது. மேட்டின் மேல் நின்றால் கீழே தட்டையான சதுப்பு நிலம் தெரியும், அதற்கு அப்பால் ஆறு. ஒரு நடைபாதை, சில விளக்கப் பலகைகள், அவ்வளவுதான். இடிந்த சுவர்கூடக் கிடையாது. ஆனாலும் இது கனடா அரசு பாதுகாக்கும் தேசிய வரலாற்றுத் தலம். மெலான்சன் குடியிருப்பு என்று பெயர். 1664 வாக்கில் ஓர் இளம் தம்பதி இங்கே பண்ணை வைத்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அவர்களுக்குப் பிறந்தவர்கள் என்று நான்கு தலைமுறை இந்த மேட்டிலேயே வீடு கட்டி, உழுது, மாடு வளர்த்து வாழ்ந்தது. 1755ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிருந்தவர்களைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள்.

தொல்லியல் தலம் என்றால் கோட்டையும் கோபுரமும் கல்லறையும் நம் மனதில் வருகின்றன. உழவர் குடியிருப்பு அப்படி எதையும் விட்டுவைப்பதில்லை. மரமும் களிமண்ணும் வைக்கோலும் கொண்டு கட்டிய வீடு சில ஆண்டுகளிலேயே மண்ணோடு மண்ணாகிவிடும். அப்படியிருக்க, இங்கே ஒரு ஊர் இருந்தது, இன்ன மாதிரி இருந்தது என்று எப்படிச் சொல்கிறார்கள்? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம்.

முதலில் அகாடியர் யார் என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில், இன்றைய நோவா ஸ்கோஷியாவையும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளையும் பிரெஞ்சுக்காரர்கள் அகாடியா என்று அழைத்தார்கள். அது மிக்மாக் பழங்குடி மக்களின் மண். 1605இல் போர்ட் ராயலில் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு சிறு முகாம் போட்டார்கள். குடும்பங்கள் வந்து நிலைத்தது 1630களுக்குப் பிறகுதான். நூறு ஆண்டுகளில் இந்தக் குடும்பங்கள் பிரான்ஸைச் சேர்ந்தவர்கள் என்பதைவிடத் தங்களை அகாடியர் என்று உணரும் தனி மக்களாக மாறிவிட்டன. 1710இல் பிரிட்டிஷ் படை போர்ட் ராயலைப் பிடித்து, அதற்கு அனாபொலிஸ் ராயல் என்று பெயர் வைத்தது. 1713 உடன்படிக்கையில் பிரான்ஸ் இந்தப் பகுதியை முறைப்படி விட்டுக்கொடுத்தது. கொடி மாறினாலும் உழவர்கள் அதே வயல்களில்தான் உழுதுகொண்டிருந்தார்கள்.

மெலான்சன் குடும்பத்தின் கதை இன்னும் சுவையானது. ஷார்ல் மெலான்சனின் தந்தை பிரெஞ்சு சீர்திருத்த கிறிஸ்தவர், தாய் ஆங்கிலேயப் பெண். குடும்பம் 1657இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. ஷார்ல் உள்ளூர் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண்ணான மாரி டுகாவை மணந்துகொண்டு ஆற்றங்கரை மேட்டில் குடியேறினார். அகாடியர் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்த பிரெஞ்சு உழவர்கள் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு குடும்பமே பதில் சொல்லிவிடும்.

சரி, இப்போது மண்ணுக்கு வருவோம்.

அகாடியக் குடியிருப்பைத் தேடும் தொல்லியலாளர் முதலில் வீட்டைத் தேட மாட்டார், சதுப்பு நிலத்தைத் தேடுவார். காரணம், இந்த மக்கள் காட்டை அழித்து வயல் செய்தவர்கள் அல்லர். கடலிடமிருந்து வயலை வாங்கியவர்கள். ஃபண்டி வளைகுடாவில் கடல் ஏறி இறங்கும் அளவு உலகிலேயே மிக அதிகம். வளைகுடாவின் உள்முனையில் ஓதத்தின் உயரம் 16 மீட்டர் வரை போகும். ஐந்து மாடிக் கட்டடத்தின் உயரத்துக்குத் தண்ணீர் நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அனாபொலிஸ் ஆற்றுப் பக்கம் அவ்வளவு இல்லை. ஆனால் அங்கும் கடல் ஆற்றுக்குள் ஏறி, ஓரத்துச் சதுப்பை நனைத்துவிட்டுத்தான் திரும்பும். ஒவ்வொரு ஏற்றத்திலும் மெல்லிய வண்டல் படியும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அப்படிப் படிந்த மண் அது. வளம் என்றால் அப்படி ஒரு வளம். ஒரே குறை உப்பு.

அந்த உப்பை வெளியேற்ற அகாடியர் கையாண்ட வழியின் பெயர் அபுவாத்தோ. நம் மொழியில் மதகு என்று சொன்னால் பாதி புரிந்துவிடும். மீதிப் பாதியில்தான் அவர்களுடைய சாமர்த்தியம் இருக்கிறது.

சதுப்பின் வெளி ஓரத்தில் ஏறக்குறைய ஓர் ஆள் உயரத்துக்குக் கரை எழுப்புவார்கள். கரைக்கு வேண்டிய மண்ணை அள்ளிக் கொட்டுவதில்லை. ஒடுக்கமான மண்வெட்டியால் உவர்ப்புல்லை வேரோடு செங்கல் செங்கலாக வெட்டியெடுத்து அடுக்குவார்கள். புல் மறுபடி துளிர்த்து, வேர் ஒன்றோடொன்று பின்னிக் கரையை இறுக்கிக்கொள்ளும். கரையின் அடியில், பழைய ஓடை ஓடிய இடத்தில், ஒரு மரக்குழாயைப் புதைப்பார்கள். பெரிய மரத்தைக் குடைந்ததாகவும் இருக்கலாம், பலகைகளைச் சேர்த்து அடித்த நீளப் பெட்டியாகவும் இருக்கலாம். அதற்குள் ஒரு மரக்கதவு மேலிருந்து தொங்கும். அது கடல் பக்கம் மட்டுமே திறக்கும். கடல் வற்றும்போது வயலில் தேங்கிய மழைநீர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போகும். கடல் ஏறும்போது அதே கடல்நீர் கதவை அழுத்தி மூடிவிடும். திறக்க ஆள் வேண்டாம், மூடவும் ஆள் வேண்டாம். இரவில் எல்லோரும் தூங்கும்போதும் அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

இரண்டு மூன்று ஆண்டுகள் மழையும் பனியும் உப்பைக் கழுவி எடுத்துச் செல்லும். அதன் பிறகு அது கோதுமை நிலம், பட்டாணி நிலம், புல் நிலம். எருவே தேவையில்லாத அளவுக்கு விளையும். இந்த அறிவின் ஒரு பகுதி பிரான்ஸின் மேற்குக் கரையிலிருந்து வந்தது. அங்கே உப்பளங்களும் சதுப்பு வயல்களும் நிறைய உண்டு. ஆனால் ஃபண்டியின் கடலுக்குத் தாக்குப்பிடிக்கும்படி அதை மாற்றியமைத்தது அகாடியரின் கைகள். மிக்மாக் மக்கள் வேட்டையாடிய காடுகளைப் பெருமளவு தொடாமல் கடலோரச் சதுப்பிலேயே வயல் எடுத்ததும் இரு மக்களும் ஒட்டி வாழ முடிந்ததற்கு ஒரு காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது.

அகாடியத் தலத்தின் மிகப் பெரிய தொல்பொருள் எது என்று கேட்டால், நான் இந்தக் கரையைத்தான் சொல்வேன். புல்லடர்ந்த மண்மேடாகத் தெரிவது ஒரு கருவி. ஈரச் சேற்றுக்குள் காற்று புகாததால் உள்ளே புதைந்த மரக்குழாய்கள் அழுகாமல் கிடக்கின்றன. முந்நூறு ஆண்டுகள் கழித்தும் கோடரி வெட்டிய தழும்போடு அவை வெளிவந்திருக்கின்றன. அப்படிக் கிடைக்கும் மரத்தின் வளையங்களை எண்ணி, மற்ற மரங்களின் வளையங்களோடு பொருத்திப் பார்த்து, அந்த மரம் எந்த ஆண்டு வெட்டப்பட்டது என்றுகூடக் கண்டுபிடிக்கலாம்.

கரை எங்கே என்று தெரிந்துவிட்டால் வீடு எங்கே என்பது ஓரளவு தெரிந்த மாதிரிதான். வயலைக் கண்பார்வையில் வைத்துக்கொள்ள வேண்டும், ஆனால் வெள்ளம் எட்டக் கூடாது. ஆகவே சதுப்பை ஒட்டிய முதல் மேடு. மெலான்சன் குடியிருப்பும் அப்படித்தான் அமைந்திருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டெலாபா என்ற பிரெஞ்சுப் பொறியாளர் வரைந்த ஆற்று வரைபடத்தில் கரையோர வீடுகள் குறிக்கப்பட்டிருந்தன. 1984, 1985 ஆண்டுகளில் பார்க்ஸ் கனடா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அத்தகைய பழைய வரைபடங்களைத் துணையாக வைத்துக்கொண்டு இங்கே அகழாய்வு செய்தார்கள். வீடுகள் இருந்த தடயங்கள் மண்ணுக்குள் இருந்தன.

தடயம் என்றால் என்ன? இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

புல்லைச் சீவி எடுத்தால் முதலில் வருவது உழவு மண். ஏர் ஓடிய ஆழம்வரை எல்லாம் கலங்கிக் கிடக்கும். அதில் ஓர் ஓட்டுத்துண்டு கிடைத்தால், இந்த வயலில் எங்கோ மனிதர்கள் இருந்தார்கள் என்பதற்கு மேல் அதிகம் சொல்ல முடியாது. ஏர் அதை எங்கிருந்தோ இழுத்து வந்திருக்கலாம். உழவு மண்ணுக்குக் கீழேதான் மண் பேசத் தொடங்கும். அங்கே நிறம் மாறும். பழுப்பு மண்ணின் நடுவே கறுப்பாக ஒரு சதுரம் தெரிந்தால், அது நிலவறைக் குழி நிரம்பிய இடமாக இருக்கலாம். வரிசையாக ஆற்றுக்கற்களோ வயற்கற்களோ தெரிந்தால் அது சுவரின் அடித்தளம். ஓரிடத்தில் மண் மட்டும் செங்கல் நிறத்தில் சிவந்து கெட்டித்திருந்தால் அங்கே பல ஆண்டுகள் தீ எரிந்திருக்கிறது, அதாவது அடுப்பு.

பொருளைவிட அது கிடந்த இடம் முக்கியம் என்று தொல்லியலாளர்கள் ஓயாமல் சொல்வது இதனால்தான். ஒரு கரண்டியை மண்ணிலிருந்து பிடுங்கி எடுத்துக்கொண்டு போய்விட்டால் நம் கையில் ஒரு பழைய கரண்டி இருக்கும். அது அடுப்புக்குப் பக்கத்தில், சாம்பல் அடுக்குக்குக் கீழே கிடந்தது என்ற செய்தியையும் சேர்த்து எடுத்தால்தான் ஒரு சமையலறை கிடைக்கும். உலோகம் காட்டும் கருவியை எடுத்துக்கொண்டு இத்தகைய வயல்களில் தோண்டுபவர்கள் செய்வது எவ்வளவு பெரிய அழிவு என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

அதே ஆற்றில் இன்னும் மேலே, பெல்ஐல் என்ற இடத்தில் 1983இல் நடந்த அகழாய்வு அகாடிய வீட்டைப் பற்றிய பழைய எண்ணங்களை மாற்றியது. அதற்கு முன்பு பலர் அகாடியர் வீடு என்றால் கரடுமுரடான குடிசை என்று நினைத்திருந்தார்கள். தோண்டிப் பார்த்தபோது கல் அடித்தளம், மரச்சட்டக வீடு, ஒரு முனையில் பெரிய கணப்பு, அதையொட்டி ரொட்டி சுடும் அடுப்பு எல்லாம் தெரிந்தன. சுவர்ச் சட்டத்தின் இடைவெளிகளில் களிமண்ணோடு சதுப்புப் புல்லைப் பிசைந்து அடைத்திருந்தார்கள். எந்தச் சதுப்பு சோறு போட்டதோ அதே சதுப்பின் புல்தான் குளிரிலிருந்தும் காத்திருக்கிறது.

புல் எப்போதோ மக்கியிருக்குமே, எப்படித் தெரிந்தது என்று கேட்கலாம். வீடு தீப்பற்றி எரியும்போது சுவரிலிருக்கும் களிமண் சூளையில் வைத்ததுபோல் சுட்டுவிடும். உள்ளே இருந்த புல் எரிந்து போனாலும், அது இருந்த தடம் சுட்ட களிமண்ணில் அப்படியே பதிந்துவிடும். ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு புல்தாளின் வரியும் தெரியும். வீட்டை அழித்த தீயே அதன் சுவரை நமக்காகச் சேமித்தும் வைத்துவிடுகிறது.

காலத்தைக் கணிப்பது அடுத்த கேள்வி. இதற்கு நாணயங்கள் உதவும் என்று நினைப்போம். ஆனால் உழவர் வீட்டில் காசு கீழே விழுந்தால் தேடி எடுத்துவிடுவார்கள். யாரும் தேடாத பொருள்தான் தொல்லியலுக்கு நண்பன். 17, 18ஆம் நூற்றாண்டுத் தலங்களில் அந்த நண்பன் புகையிலை பிடிக்க வெள்ளைக் களிமண்ணால் செய்த குழாய். விலை மலிவு, எளிதில் உடையும், உடைந்தால் வாசலில் வீசிவிடுவார்கள். இதைப் பற்றி ஒரு அழகான கண்டுபிடிப்பு உண்டு. ஹாரிங்டன் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர், இங்கிலாந்தில் செய்த இந்தக் குழாய்களின் தண்டுத் துளை காலம் செல்லச் செல்லச் சிறுத்துக்கொண்டே வந்ததைக் கவனித்து 1954இல் எழுதினார். தண்டு நீண்டுகொண்டே போனது, அதற்கேற்பத் துளை போடும் கம்பியும் மெலிந்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம்.

அளப்பதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். தச்சுக்கடையில் கிடைக்கும் துளையிடும் ஊசிகள் போதும். ஓர் அங்குலத்தை 64 பங்காகப் பிரித்தால், 7 பங்கு தடிமனுள்ள ஊசி துளைக்குள் கச்சிதமாகப் பொருந்தும் தண்டுகள் பெரும்பாலும் 1650 முதல் 1680 வரையானவை. 6 பங்கு என்றால் 1680 முதல் 1710 வரை. 5 பங்கு என்றால் 1710 முதல் 1750 வரை. ஒரே ஒரு துண்டை வைத்து எதையும் சொல்லக் கூடாது. நூறு துண்டுகளை அளந்து எந்த அளவு அதிகம் என்று பார்த்தால், அந்த வீட்டில் எப்போது ஆள் இருந்தார்கள் என்பது ஓரளவு தெளிவாகிவிடும். குப்பையில் போட்ட ஒரு குச்சியளவு களிமண் காலண்டர் ஆகிவிடுகிறது என்பது எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

அந்தக் குழாய்கள் இன்னொன்றும் சொல்கின்றன. பிரெஞ்சு மொழி பேசிய மக்களின் வாசலில் இங்கிலாந்துக் குழாய்க்கு என்ன வேலை? பானை ஓடுகளும் இதே கேள்வியைக் கேட்கின்றன. அகாடியத் தலங்களில் மேற்குப் பிரான்ஸின் சாந்தோஞ்ச் பகுதியிலிருந்து வந்த பச்சை மெருகுப் பாத்திரங்கள் கிடைக்கின்றன. அவற்றோடு இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயர் பாத்திரங்களும் கலந்து கிடக்கின்றன. பாரிஸ் வெகுதூரம், பாஸ்டன் பக்கம் என்பதுதான் விடை. இரு அரசுகளும் போரில் இருந்த ஆண்டுகளில்கூட நியூ இங்கிலாந்து, அதாவது பாஸ்டனைச் சுற்றிய ஆங்கிலேயக் குடியேற்றங்களின் வணிகர்களின் படகுகள் வந்து போயின. அரசாணையில் எதிரி, வாசலில் வியாபாரி.

காகிதத்தையும் மண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பகுதி. 1671இல் லோரான் மொலான் என்ற பாதிரியார் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார். ஷார்ல் மெலான்சன் வீட்டில் அவர் குறித்தது: மனைவி, நான்கு பெண் குழந்தைகள், 40 மாடுகள், 6 ஆடுகள். அதே கணக்கெடுப்பில் ஷார்லின் உடன்பிறந்தவரான பியேர் மெலான்சன் தன் வயதையும் சொல்ல மாட்டேன், மாட்டுக் கணக்கும் தர மாட்டேன் என்று மறுத்துவிட்டார். பிற்பாடு கிரான் ப்ரே என்ற புகழ்பெற்ற ஊரைத் தொடங்கியவர்களில் ஒருவர் இவர்.

அகாடியரைப் பற்றிய எழுத்தில் பெரும்பகுதி இப்படிப்பட்டதுதான். பாதிரியார் எழுதியது, வரி கணக்கிட்டவர் எழுதியது, படைத்தளபதி எழுதியது. உழவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கணக்கெடுக்க வந்தவரிடம் அவர்கள் சொன்னது மட்டுமே காகிதத்தில் இருக்கும். சொல்லாதது மண்ணில் இருக்கிறது. எலும்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். குப்பைக்குழியில் கிடக்கும் மாட்டெலும்பு, பன்றியெலும்பு, ஆட்டெலும்பு ஆகியவற்றில் எது எவ்வளவு, எந்த வயதில் வெட்டப்பட்டது, கத்தி எங்கே பட்டது என்று பார்த்தால் அந்த வீட்டில் என்ன சமைத்தார்கள், எதை விற்றார்கள் என்றுகூட ஊகிக்கலாம். இளங்கன்றுகளை வெட்டிய வீடும் உழைத்துத் தேய்ந்த கிழட்டு எருதை வெட்டிய வீடும் ஒரே நிலையில் இருந்திருக்காது.

இனி 1755. பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் மீண்டும் போர் மூளும் நிலை. பிரிட்டிஷ் அரசருக்கு நிபந்தனையற்ற விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்று துணைநிலை ஆளுநர் சார்ல்ஸ் லாரன்ஸ் வற்புறுத்தினார். தங்களைப் போரில் சேர்க்கக் கூடாது என்ற நிபந்தனையை அகாடியர் விட்டுக்கொடுக்கவில்லை. நாடுகடத்த உத்தரவு வந்தது. கிரான் ப்ரே ஊரில் செப்டம்பர் 5 அன்று ஆண்களைத் தேவாலயத்துக்கு வரச்சொல்லி, கதவை அடைத்து, நிலமும் கால்நடையும் அரசுடைமை ஆகிவிட்டன என்று படித்துக் காட்டினார்கள். அனாபொலிஸ் ராயல் பகுதி மக்களைச் சுமந்த கப்பல்கள் டிசம்பர் 8 அன்று புறப்பட்டன. ஏறத்தாழ 1,660 பேர். அவற்றில் பெம்ப்ரோக் என்ற கப்பலில் இருந்த 232 பேர் நடுக்கடலில் மாலுமிகளை மடக்கிக் கப்பலைக் கைப்பற்றி, செயின்ட் ஜான் ஆற்றுக்குத் திருப்பிவிட்டார்கள். மற்றவர்கள் ஆங்கிலேயக் குடியேற்றங்களில் ஊர் ஊராகச் சிதறினார்கள். 1763க்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். பின்னர் லூசியானாவில் போய்ச் சேர்ந்தவர்களின் வழித்தோன்றல்களைத்தான் இன்று கேஜன் மக்கள் என்கிறோம். அகாடியன் என்ற சொல்லே தேய்ந்து கேஜன் ஆனது.

தொல்லியலாளரின் கண்ணுக்கு, ஒரே நாளில் காலியான குடியிருப்பு வேறு வகையான தலம். மெல்ல மெல்லக் காலியாகும் ஊரில் மக்கள் நல்ல பாத்திரத்தையும் கதவையும் ஆணியையும்கூட எடுத்துக்கொண்டுதான் போவார்கள். இங்கே கையில் கொண்டுபோக முடிந்தது கொஞ்சம்தான். மற்றவை அங்கேயே கிடந்தன. அதற்குப் பிறகு வந்தவர்கள் மெலான்சன் மேட்டில் பெரிய ஊர் எதையும் எழுப்பவில்லை. வயலாகவும் மேய்ச்சல் நிலமாகவும் அது நீடித்தது. ஒரு குடும்பம் நாலு தலைமுறை வாழ்ந்த இடம் அதிகம் கலையாமல் இன்றும் மண்ணுக்குள் இருப்பதற்கு அதுவே காரணம்.

காலியான நிலங்களுக்கு 1760 முதல் நியூ இங்கிலாந்திலிருந்து புதிய குடியேறிகள் வந்தார்கள். அவர்கள் வருவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1759 நவம்பரில், ஒரு பெரும்புயல் ஃபண்டி வளைகுடாவின் கரைகளை உடைத்து வயல்களுக்குள் உப்புநீரை விட்டிருந்தது. வந்தவர்கள் நல்ல உழவர்கள்தான். ஆனால் இந்தக் கரையை எப்படிக் கட்டுவது, கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும், புல்லை எந்தப் பதத்தில் வெட்ட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்களில் சிலர் பக்கத்துக் கோட்டையில் கைதிகளாக இருந்தார்கள். அவர்களை அழைத்து வந்து வேலைக்கு விட்டார்கள். சில ஆண்டுகளுக்கு முன்புவரை தங்கள் இனத்தார் உழுத சதுப்புகளில், இப்போது பிறருக்காக, அகாடியர் மறுபடி உவர்ப்புல்லை வெட்டிக் கரை அடுக்கினார்கள்.